காதில் குழாய் வைத்த குழந்தையை வீட்டில் பார்த்துக்கொள்வது எப்படி? முதல் நாளிலிருந்து குழாய் விழும் நாள் வரை

நர்ஸ் வெளியே வந்து "முடிஞ்சுதும்மா" என்று சொன்னபோது நான் வாங்கி வைத்திருந்த காபி இன்னும் ஆறவில்லை. மகளுக்கு அப்போது மூன்று வயது. இரண்டு காதிலும் குழாய். மொத்தம் 15 நிமிடம்கூட ஆகவில்லை. வீட்டுக்குக் கிளம்பும்போது கையில் ஒரு சொட்டு மருந்து பாட்டிலும் அரைப் பக்கச் சீட்டும் கொடுத்தார்கள். சீட்டில் நான்கே வரி. அதில் "காதில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளவும்" என்பதற்கு அடியில் இரண்டு கோடு போட்டிருந்தது. சொட்டு மருந்தை எப்படிப் போட வேண்டும் என்று ஒரு வார்த்தை இல்லை.

அதன்பின் ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. அந்த இரண்டு கோடும் தப்பான வரிக்கு அடியில் விழுந்துவிட்டன என்பதுதான் என் முடிவு. ஏன் என்று போகப்போகச் சொல்கிறேன். நான் டாக்டர் இல்லை. உங்கள் குழந்தைக்கு அறுவை சிகிச்சை செய்தவர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் சொன்னபடியே செய்யுங்கள்.

உள்ளே வைத்தது என்ன?

கிரோமெட் என்று டாக்டர்கள் சொல்லும் இந்தக் குழாய் நூல்கண்டு மாதிரி இருக்கும்: இரண்டு ஓரமும் அகலம், நடுவில் ஒடுக்கம், நடுவே ஓட்டை. ஓட்டையின் அகலம் 1 மில்லிமீட்டரை ஒட்டித்தான். செவிப்பறையில் சின்னதாகக் கீறி, உள்ளே தேங்கிய நீரை உறிஞ்சிவிட்டு, அந்தக் கீறலில் இதைப் பொருத்துகிறார்கள். தையல் கிடையாது. இன்றைய வடிவத்துக்கு முன்னோடியான பிளாஸ்டிக் குழாயை 1954இல் அறிமுகப்படுத்தியவர் ஆம்ஸ்ட்ராங் என்ற அமெரிக்க டாக்டர்.

செவிப்பறைக்குப் பின்னால் இருக்கும் நடுக்காதையும் மூக்கின் பின்பக்கத்தையும் யூஸ்டேஷியன் குழாய் என்ற பாதை இணைக்கிறது. நடுக்காதுக்குக் காற்று போவதும் அங்கே சுரக்கும் நீர் வடிவதும் அந்த வழியாகத்தான். சின்னக் குழந்தைகளுக்கு அது குட்டையாகவும், சரிவில்லாமல் கிட்டத்தட்ட படுத்தவாக்கிலும் இருப்பதால் சளி பிடித்தால் உடனே அடைத்துக்கொள்ளும். நீர் தேங்கும், காது மந்தமாகும், திரும்பத் திரும்பச் சீழ் பிடிக்கும். அந்தப் பாதை வேலை செய்யாத காலத்துக்கு வைத்த மாற்றுவழிதான் கிரோமெட். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: இது இரண்டு பக்கமும் திறந்திருக்கிறது. உள்ளிருக்கும் சீழ் வெளியே வரும், வெளியில் விடும் மருந்து உள்ளே போகும். வீட்டுப் பராமரிப்பு முழுக்க இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

முதல் நாள்

மயக்கம் தெளிந்ததும் குழந்தை அழுகிற அழுகை பெற்றோரைக் கதிகலங்க வைத்துவிடும். கண் திறந்திருக்கும், ஆனால் உங்களை அடையாளம் தெரியாத மாதிரி முதுகை வளைத்துக்கொண்டு கத்தும், தூக்கினால் தள்ளும், இறக்கினாலும் கத்தும். பெரும்பாலும் இது வலியால் வரும் அழுகை அல்ல. மயக்க மருந்து இறங்கும்போது வரும் குழப்பம். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் அடங்கிவிடும். சமாதானப்படுத்த ஆளாளுக்குப் பேசாமல், ஒருவர் மட்டும் மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பது நல்லது. பிறகு இதெல்லாம் குழந்தைக்கு நினைவே இருக்காது. நமக்குத்தான் மறக்காது.

வண்டியில் திரும்பும்போது ஓட்டுபவரைத் தவிர இன்னொரு பெரியவர் குழந்தையின் பக்கத்தில் உட்கார வேண்டும். தூக்கக் கலக்கத்தில் தலை முன்னால் தொங்கி, மோவாய் நெஞ்சில் படிந்தால் மூச்சு தடைப்படலாம். தலையை நிமிர்த்திவிடத்தான் அந்த இன்னொரு ஆள்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் சில வாய் தண்ணீர் மட்டும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுக்கலாம். அது வயிற்றில் தங்கினால் லேசான ஆகாரம், பிறகு வழக்கமான சாப்பாடு. ஒன்றிரண்டு முறை வாந்தி எடுத்தால் பதற வேண்டாம், அரை மணி நேரம் விட்டு மறுபடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். அன்று முழுக்க நடை தள்ளாடும். படிக்கட்டு, சைக்கிள், ஊஞ்சல் எல்லாம் மறுநாளைக்கு.

வலி பொதுவாகக் குறைவு. பல குழந்தைகளுக்கு ஒன்றிரண்டு வேளை பாராசிட்டமால் போதும். அளவை வயதைப் பார்த்துப் போடாமல் எடையைப் பார்த்துப் போடுங்கள்: ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை, இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது 4 முதல் 6 மணி நேரம், 24 மணி நேரத்தில் 4 வேளைக்கு மேல் வேண்டாம். 12 கிலோ குழந்தைக்கு 180 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் அது 7.5 மில்லி. 5 மில்லியில் 250 உள்ள சிரப் என்றால் வெறும் 3.6 மில்லி. நிறமும் வாசனையும் ஒன்றாகவே இருக்கும். அதனால் அவசரத்தில் பாட்டிலை மாற்றி எடுத்தால் மருந்து இரண்டு மடங்காகிவிடும். லேபிளைப் படித்துவிட்டு ஊற்றுங்கள். சளிக்குக் கொடுக்கும் கலவை சிரப்பிலும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும், இரண்டையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள். ஆஸ்பிரின் குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். ஐபுப்ரோஃபென் கொடுப்பதாக இருந்தால் ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்கு மட்டும், அதுவும் டாக்டரிடம் கேட்டுவிட்டு.

அடுத்த இரண்டு மூன்று நாள்

காதிலிருந்து கசியும். நீர் மாதிரி, இளஞ்சிவப்பாக, மஞ்சளாக, சில சமயம் லேசான ரத்தக் கறையோடு. தலையணை உறையில் கறையைப் பார்த்ததும் எனக்கு உயிரே போய்விட்டது, ஆனால் இது எதிர்பார்க்கக்கூடியதுதான். ஈரத்துணியால் காது மடலையும் துவாரத்தின் வாயையும் மட்டும் துடையுங்கள். பஞ்சை உள்ளே திணித்து அடைக்க வேண்டாம், வெளியே வரத்தானே வழி செய்திருக்கிறோம். இயர் பட்ஸை எங்காவது கண்ணில் படாத இடத்தில் வைத்துவிடுங்கள்.

இன்னொன்று யாரும் சொல்லவில்லை: சத்தம். நீர் தேங்கிய காதோடு மாதக்கணக்கில் வாழ்ந்த குழந்தைக்கு உலகம் திடீரென்று இரைச்சலாகிவிடும். கதவு சாத்தினாலே திடுக்கிடும். மறுநாள் காலையில் என் மகள் குளியலறை வாசலில் நின்றுகொண்டு உள்ளே வரமாட்டேன் என்றாள். உள்ளே யாரோ இருக்கிறார்களாம். பார்த்தால், சரியாக மூடாத குழாய் வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது. எத்தனையோ மாதமாக அது அப்படித்தான் சொட்டிக்கொண்டிருக்கிறது. அவளுக்கு அன்றுதான் கேட்டது. சில நாளில் பழகிவிடும், அதுவரை வீட்டில் டிவி சத்தத்தைக் குறையுங்கள்.

பள்ளிக்கூடத்துக்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோ அனுப்பலாம். மூக்கை மெதுவாகச் சிந்தச் சொல்லுங்கள். கொட்டாவி விடும்போது காதுக்குள் 'டக்' என்கிறது என்றால் கவலையில்லை.

சொட்டு மருந்து: இங்கேதான் கோடு போட்டிருக்க வேண்டும்

அறுவை சிகிச்சைக்குப் பிறகு பெரும்பாலும் சில நாளுக்குச் சொட்டு மருந்து கொடுப்பார்கள். சிலர் கொடுப்பதில்லை. ஆனால் அடுத்த ஒரு வருடத்தில் எப்போதாவது காது ஒழுகும், அப்போது கட்டாயம் தேவைப்படும். மருந்து குழாயின் ஓட்டையைத் தாண்டி நடுக்காதுக்குள் போனால்தான் வேலை செய்யும். துவாரத்தில் ஊற்றிவிட்டு எழுப்பிவிட்டால் முக்கால்வாசி கழுத்தில் வழிந்துவிடும்.

முதல் தடவை நான் பாட்டிலை அலமாரியிலிருந்து எடுத்த எடுப்பிலேயே ஊற்றினேன். குளிர்ந்த மருந்து செவிப்பறையில் பட்டால் உட்காதில் சமநிலையைப் பார்த்துக்கொள்ளும் பகுதி கலங்கி, தலை கிறுகிறுக்கும். அவள் அலறி எழுந்து, என் மேலேயே வாந்தி எடுத்தாள். அதற்குப் பிறகு ஒரு வாரம் அந்த பாட்டிலைப் பார்த்தாலே மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். தப்பு என்னுடையது. இப்போது செய்கிற முறை இது:

1. கையைக் கழுவிவிட்டு, மூடிய பாட்டிலை உள்ளங்கையில் ஒன்றிரண்டு நிமிடம் உருட்டிச் சூடாக்குங்கள். வெந்நீரில் போடாதீர்கள். குலுக்கச் சொல்லியிருக்கும் மருந்தாக இருந்தால் நன்றாகக் குலுக்குங்கள்.

2. மருந்து போடும் காது மேலே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். சின்னக் குழந்தை என்றால் உங்கள் மடி.

3. துவார வாயில் சீழ் காய்ந்து கிடந்தால் முதலில் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். அழுக்கின் மேல் ஊற்றிய மருந்து உள்ளே போகாது.

4. காது மடலைப் பிடித்து வழியை நேராக்குங்கள். மூன்று வயதுக்குக் கீழே என்றால் கீழ்ப்பக்கமாகவும் பின்னாலும், அதற்கு மேல் என்றால் மேல்பக்கமாகவும் பின்னாலும்.

5. சொன்ன எண்ணிக்கையில் சொட்டு விடுங்கள். பாட்டில் முனை காதில் படக்கூடாது.

6. எல்லோரும் விட்டுவிடுவது இதைத்தான். துவாரத்துக்கு முன்னால், கன்னத்தை ஒட்டி ஒரு சின்னக் குருத்தெலும்பு மேடு இருக்கிறதே, அதை விரலால் துவாரத்தின் மேல் அழுத்தி அழுத்தி விடுங்கள், நான்கைந்து தடவை. சைக்கிளுக்குக் காற்றடிக்கிற மாதிரி, அந்த அழுத்தம்தான் மருந்தைக் குழாய்க்குள் தள்ளுகிறது. கூர்ந்து பார்த்தால் மருந்துக்கு மேலே ஒரு குட்டிக் குமிழி வந்து உடைவது தெரியும்.

7. சில நிமிடம் அப்படியே படுத்திருக்கட்டும். ஒரு கதையின் நேரம். பிறகு மறு காது.

"அம்மா, கசக்குது" என்று ஒரு நாள் சொன்னாள். காதில் போட்ட மருந்து வாயில் எப்படிக் கசக்கும்? குழாய் வழியாக நடுக்காதுக்குப் போய், அங்கிருந்து தொண்டைக்கு இறங்கியிருக்கிறது. குழாய் அடைபடவில்லை, நான் போட்டதும் சரி என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் வேண்டாம். எல்லாக் குழந்தையும் சொல்லாது, சொன்னால் சந்தோஷப்படுங்கள்.

குழாய் இருக்கும் காதில் எல்லாச் சொட்டு மருந்தையும் விடக்கூடாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நடுக்காதுக்கு அடுத்த சுவரே உட்காது. ஜென்டாமைசின், நியோமைசின் வகை மருந்துகள் அங்கே போனால் கேட்கும் திறனைப் பாதிக்கக்கூடும். சிப்ரோஃபிளாக்சசின், ஆஃப்லாக்சசின் வகைதான் இதற்குப் பாதுகாப்பானவை என்று பயன்படுத்துகிறார்கள். பழைய மருந்துச் சீட்டைக் காட்டி வாங்குவது, உறவினர் வீட்டில் மிச்சமிருந்ததைப் போடுவது இரண்டும் வேண்டாம். அழுக்கு கரைக்கும் சொட்டு, ஹைட்ரஜன் பெராக்சைடு, எண்ணெய் எதுவுமே கூடாது, காய்ச்சி ஆறவைத்த எண்ணெயாக இருந்தாலும் சரி. அக்கறையோடு யோசனை சொல்கிற பெரியவர்களிடம் "செவிப்பறையில் ஓட்டை இருக்கு, உள்ளே போயிடும்" என்று ஒரு வரி சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள்.

தண்ணீர்

முதல் ஒரு மாதம் அவளைக் குளிப்பாட்டுவது ஒரு போர். வாஸ்லின் தடவிய பஞ்சு, அதற்கு மேல் குளியல் தொப்பி, அதற்கு மேல் என் கை. பிறகுதான் தெரிந்தது, இவ்வளவும் பெரும்பாலான குழந்தைகளுக்குத் தேவையே இல்லை என்று.

ஓட்டை அவ்வளவு சின்னது. தண்ணீருக்கு இருக்கும் பரப்பு இழுவிசையால் அது லேசில் உள்ளே நுழையாது. 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வின் கணக்குப்படி, ஒரே ஒரு காதுத் தொற்றைத் தவிர்க்க ஒரு குழந்தை சராசரியாக 2.8 வருடம் காதடைப்பான் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்டு 2022இல் புதுப்பித்த வழிகாட்டுதலும், எல்லாக் குழந்தைகளுக்கும் வழக்கமாகத் தண்ணீர்க் கட்டுப்பாடு போட வேண்டாம் என்றே சொல்கிறது. சில டாக்டர்கள் முதல் சில நாளோ ஒன்றிரண்டு வாரமோ காது நனைய வேண்டாம் என்பார்கள். அதைக் கடைப்பிடியுங்கள், ஆனால் அது எவ்வளவு நாளைக்கு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நான் கேட்காமல் விட்டது அதைத்தான்.

கவனம் தேவைப்படும் சில இடங்கள் உண்டு. சோப்புத் தண்ணீர் பரப்பு இழுவிசையைக் குறைத்துவிடும், அதனால் தொட்டியில் நுரைக்குள் தலையை முக்கி விளையாடுவது வேண்டாம். ஷாம்புவைக் கடைசியில் போட்டு, உடனே நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். நீச்சல் குளத்தில் மேலாக நீந்தலாம். 2 மீட்டருக்குக் கீழே மூழ்கினால் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளும். குளம், ஏரி போன்ற சுத்திகரிக்காத நீரில் காதடைப்பான் போடுவது நல்லது. நீரில் தலை நனைந்தாலே காது வலிக்கிறது என்று சொல்லும் குழந்தைக்கும், அடிக்கடி காது ஒழுகும் குழந்தைக்கும், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்த குழந்தைக்கும் தனியாக டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். காது ஒழுகிக்கொண்டிருக்கும் நாட்களில் யாருக்கும் நீச்சல் கிடையாது.

விமானத்தில் போகலாம். குழாய் திறந்திருந்தால் அழுத்தம் தானாகச் சமமாகிவிடும். ஒரு முறை போனபோது எங்களுக்குத்தான் காது அடைத்தது, அவள் ஜாலியாக இருந்தாள்.

சில மாதம் கழித்து காது ஒழுகினால்

ஒழுகும். சளி பிடிக்கும், மூன்றாம் நாள் காதிலிருந்து மஞ்சளாகவோ பச்சையாகவோ கெட்டியாக வரும், வாடை அடிக்கும். "ஆபரேஷன் வீணாப் போச்சு" என்றுதான் முதலில் தோன்றும். உண்மையில் குழாய் தன் வேலையைச் செய்கிறது. முன்பென்றால் இந்தச் சீழ் உள்ளேயே நின்று, இரவெல்லாம் குழந்தையை அழவைத்திருக்கும். இப்போது வலி இல்லாமல் வெளியே வருகிறது. என் மகள் ஒழுகும் காதோடு குதித்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

டாக்டருக்கு போன் செய்யுங்கள். பெரும்பாலும் சொட்டு மருந்து எழுதுவார், வாய்வழி ஆன்டிபயாடிக் எழுதமாட்டார். ஏன் மாத்திரை இல்லை என்று நாமே சண்டை போடக்கூடாது. நெதர்லாந்தில் 230 குழந்தைகளை வைத்து நடத்தி 2014இல் வெளிவந்த ஆய்வில், இரண்டு வாரம் கழித்தும் காது ஒழுகிக்கொண்டிருந்தவர்கள் சொட்டு மருந்து போட்ட குழுவில் 5 சதவீதம்தான். வாய்வழி ஆன்டிபயாடிக் எடுத்த குழுவில் 44. ஒன்றும் செய்யாமல் காத்திருந்த குழுவில் 55. மருந்து நேராக இடத்துக்குப் போவதுதான் காரணம். நன்றாக இருக்கும் குழந்தைக்கு மாத்திரை, கூடவே அது கிளப்பும் வயிற்றுப்போக்கு, எதற்கு? அதிகக் காய்ச்சலோ காதைச் சுற்றி வீக்கமோ இருந்தால் கதை வேறு.

ஒரு வாரம் ஒழுங்காகப் போட்டும் நிற்கவில்லை என்றால் நேரில் கூட்டிப்போங்கள். உறிஞ்சி எடுத்தால்தான் மருந்து உள்ளே போகும் நிலை இருக்கலாம். நாள்பட்டு ரத்தம் கலந்து ஒழுகினால் குழாயைச் சுற்றிச் சதை வளர்ந்திருக்கலாம், அதுவும் டாக்டர் பார்க்க வேண்டியது.

காத்திருக்கக் கூடாத நேரங்கள்

மூச்சுவிடச் சிரமப்பட்டாலோ, எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடந்தாலோ உடனே அவசர சிகிச்சைக்கு. காதிலிருந்து புது ரத்தம் நிற்காமல் வந்தாலோ, வாந்தி ஓயாமல் எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றாலோ, காதுக்குப் பின்னால் சிவந்து வீங்கி மடல் முன்னால் தள்ளினாலோ, முகம் ஒரு பக்கம் கோணினாலோ, காய்ச்சல் 39 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலோ அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். நள்ளிரவாக இருந்தாலும்.

பரிசோதனையும் பேச்சும்

மூன்று மாதத்துக்குள் ஒரு முறை டாக்டர் காதைப் பார்க்க வேண்டும், முன்பு கேட்கும் திறன் குறைந்திருந்தால் மறுபடி சோதிக்கவும் வேண்டும். பிறகு குழாய் விழும்வரை நான்கு முதல் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. குழந்தை நன்றாக இருக்கிறதே என்று தவறவிடாதீர்கள், அடைபட்ட குழாயை வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. டிவியை மறுபடி சத்தமாக வைக்கச் சொன்னால், கூப்பிட்டால் திரும்பாவிட்டால் முன்கூட்டியே போங்கள். பேச்சு தாமதமான குழந்தைக்குக் காது திறந்ததும் பேச்சு தானாக ஓடிவரும் என்று உட்கார்ந்திருக்க வேண்டாம். முகத்தைப் பார்த்துப் பேசுங்கள், தேவைப்பட்டால் பேச்சுப் பயிற்சியும் ஆரம்பியுங்கள். வீட்டில் யாராவது புகைபிடித்தால் அது குழந்தையின் காதுக்கும் கேடு.

குழாய் விழும் காலம்

செவிப்பறையின் தோல் நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்ல நகர்ந்துகொண்டே வளரும். அந்த நகர்வுதான் குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளுகிறது. குறுகிய காலக் குழாய் பொதுவாக 6 முதல் 18 மாதத்தில் விழும். வலி இருக்காது. காதழுக்கோடு கலந்து கிடக்கும், பலர் வீட்டில் கண்ணில் படாமலே போய்விடும். ஓட்டை பெரும்பாலும் தானாக மூடிக்கொள்ளும், சிலருக்கு மட்டும் மூடாமல் நின்று பிறகு அதற்குத் தனியாகச் சிகிச்சை தேவைப்படும். குழாய் விழுந்த பிறகு நீர் மறுபடி தேங்கி இரண்டாவது முறை வைக்க வேண்டிய குழந்தைகளும் உண்டு. 2, 3 வருடமாகியும் தானாக விழாவிட்டால் எடுப்பதைப் பற்றி டாக்டரே பேசுவார்.

போன மாதப் பரிசோதனையில் வலது காதிலிருந்து ஒரு கட்டி அழுக்கை எடுத்த டாக்டர், அதை வெள்ளைக் காகிதத்தில் வைத்துக் காட்டினார். அதற்குள் நீலமாக ஒரு புள்ளி. மகள் குனிந்து பார்த்துவிட்டு "இவ்ளோதானா?" என்றாள். இடது காதில் இருப்பது இன்னும் விழவில்லை. அதற்கு நான்கு மாதம் கழித்து வரச்சொல்லியிருக்கிறார்கள்.